புதிதாகச் சபைக்கு வந்திருக்கிறீர்களா? வேஷம் போடாமல் இருக்க ஒரு வழிகாட்டி

ஞாயிறு காலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நடை நடந்தால் லூத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்கம் என்று கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மூன்று வகை ஆலயங்களைப் பார்த்துவிடலாம். கடைவீட்டு மாடிகளில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் தனி. புதிதாக வருகிறவர்களுக்கு எங்கே உட்காருவது, பாட்டுப் புத்தகம் எங்கே இருக்கிறது, ஞானஸ்நான வகுப்பு எப்போது என்று எல்லாவற்றையும் யாராவது ஒரு ஆன்ட்டி அன்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். இதற்குள் வேஷம் போடாமல் எப்படி இருப்பது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஞானஸ்நானம் எடுத்து ஓராண்டுகூட ஆகாதவர்கள், எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், சின்ன வயதில் விட்டுப்போய் இப்போது திரும்பி வந்தவர்கள், இவர்களை மனதில் வைத்து.

முதலில் எது வேஷம், எது இல்லை என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். தவறி விழுவது வேஷம் இல்லை. சிகரெட்டை விடமுடியாமல் தவிப்பவர் வேஷக்காரர் இல்லை. விட்டுவிட்டேன், கர்த்தர் என்னை மாற்றினார் என்று சபை முன்னால் சாட்சி சொல்லிவிட்டுக் கார் பார்க்கில் பற்ற வைப்பவர்தான் வேஷக்காரர். அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்ற காசில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டதற்காக பேதுரு கோபப்படவில்லை. விற்பதற்கு முன்னால் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் காசு உன் கையில்தானே இருந்தது என்றுதான் கேட்கிறார். ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு முழுவதும் இவ்வளவுதான் என்று சொன்னார்களே, அங்கேதான் வினை. அந்தப் பேதுருவே பின்னாளில் அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல நழுவிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைப் பிடித்துக் கேட்டுவிட்டார், கலாத்தியர் 2-இல் படிக்கலாம். பேதுருவின் நம்பிக்கை ஒன்றும் மாறிப்போகவில்லை, பார்க்கிற ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே நான் பார்த்தவரை, புதியவர்கள் வேஷத்துக்குள் விழுவது பெரிய பாவத்தால் இல்லை, பேச்சால். ஆறே மாதத்தில் முப்பது வருட விசுவாசியின் பேச்சு வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வாழ்க்கை மட்டும் அதன் வேகத்தில் பின்னால் மெதுவாக வருகிறது. அந்த இடைவெளியை மூட எல்லாரும் வாழ்க்கையை ஒரே வாரத்தில் பேச்சின் உயரத்துக்குத் தூக்கப் பார்த்து, முடியாமல், நடிக்கத் தொடங்குகிறார்கள். நான் சொல்வது அதற்கு நேர்மாறு: பேச்சை வாழ்க்கையின் உயரத்துக்கு இறக்குங்கள். வாழ்க்கை வளரட்டும், பேச்சு கூடவே வளரும்.

முதல் படி: வாயிலிருந்து தொடங்குங்கள்

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது மத்தேயு 5:37. சபைக்குள் இதைச் செய்வது வெளியே செய்வதைவிடக் கஷ்டம் என்பது போகப்போகத் தெரியும்.

சபையில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை, மறந்துபோகிறார்கள். இதற்கு எளிய வழி இருக்கிறது. சொன்ன இடத்திலேயே, நின்றபடியே, அரை நிமிடம் ஜெபித்துவிடுங்கள். கூச்சமாக இருந்தால் கைப்பேசியில் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாது என்றால் "கேக்கவே கஷ்டமா இருக்கு அக்கா" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், அது போதும், அது உண்மை.

அடுத்தது "கர்த்தர் எனக்குச் சொன்னார்". வேலை மாறுவதற்கும், ஒரு பெண்ணைப் பிடிப்பதற்கும், பாடகர் குழுவை விட்டு விலகுவதற்கும் இந்த வாசகம் பயன்படுகிறது. இதைச் சொன்னபிறகு எதிரே இருப்பவர் வாயைத் திறக்க முடியாது, கர்த்தரையா எதிர்த்துப் பேசுவார்? அதனாலேயே புதியவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பேன். "எனக்கு இப்படித் தோணுது, ஜெபிச்சிட்டு இருக்கேன், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். இங்கேதான் பெரிய சறுக்கல். நம் ஊரில் சாட்சி என்றாலே குண்டர் கும்பல், பாராங் கத்தி, லாக்கப் என்று ஒரு வாடிக்கை உருவாகிவிட்டது. அதையெல்லாம் உண்மையாகவே கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செராசில் வளர்ந்து, படிவம் ஐந்து முடித்து, கணக்காளர் வேலைக்குப் போன பையன் பள்ளியில் ஒருமுறை அடிதடியில் மாட்டியதை மைக் கையில் வந்ததும் கும்பல் வாழ்க்கை ஆக்கிவிடுகிறான். கூட்டம் கைதட்டும். அடுத்த முறை கத்தி இன்னும் கொஞ்சம் நீளும். சாட்சி சொல்வதற்கு முன்னால் அதை எழுதி, உங்களை அப்போதிருந்தே தெரிந்த ஒருவரிடம், தம்பியோ அக்காவோ கூடப் படித்தவரோ, வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே சிரிக்கிறாரோ அந்த வரியை அடித்துவிடுங்கள். மூன்று நிமிடச் சாட்சி ஒன்றரை நிமிடமானால் சபைக்கும் நல்லதுதான்.

நேர்த்திக்கடனும் பேச்சுதான். ஜூலை 26-ஐ ஒட்டி புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கூட்டத்தின் நடுவில், மனம் உருகி நிற்கும்போது என்னென்னவோ நேர்ந்துகொள்ளத் தோன்றும். பிரசங்கி 5:5 நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேராமலே இருப்பது நல்லது என்கிறது. வருஷம் முழுக்கத் தினமும் ஒரு மணி நேரம் ஜெபிப்பேன் என்று நேருவதைவிட, இந்த மாதம் அண்ணனோடு பேசிவிடுவேன் என்று நேருங்கள்.

இரண்டாம் படி: வீடு

நம்மில் நிறையப் பேர் இந்துக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அம்மா காலையில் சாமி மேடையில் விளக்கேற்றுகிறார், தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலை போவது வழக்கம், மாமா ஒருவர் பால்குடம் எடுக்கிறார். இந்த வீட்டில் மகளுக்கு விசுவாசம் வருகிறது. முதல் சில மாதங்கள் "மிட் வேலிக்குப் போயிட்டு வர்றேன்மா" என்று சொல்லிவிட்டு ஆராதனைக்குப் போவாள். அங்கே பத்துக் கட்டளையைப் படித்துவிட்டு வந்து, எங்கே போனாய் என்றால் சட்டை வாங்கப் போனேன் என்பாள். இயேசுவுக்காகச் சொல்லும் பொய்யும் பொய்தான். பிற்பாடு தெரியவரும்போது அம்மா கேட்கப் போகிற கேள்வி "ஏன் மதம் மாறினே?" என்பதாக இருக்காது. "இத்தனை மாசமா என்கிட்ட பொய் சொன்னியா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல எந்த வசனமும் உதவாது.

நான் சொல்லும் வழி: உண்மையைச் சிறிய அளவில், சீக்கிரமாகச் சொல்லுங்கள். "அம்மா, ஞாயித்துக்கிழமை கூட்டாளியோட சர்ச்சுக்குப் போறேன். புடிச்சிருக்கு. இன்னும் தெரிஞ்சிக்கிறேன். உங்ககிட்ட மறைக்க விரும்பல." முதல் நாளுக்கு இவ்வளவு போதும், இதில் பிரசங்கம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நரகம், விக்கிரகம் என்று ஆரம்பித்தீர்கள் என்றால் நீங்கள் உண்மை பேசவில்லை, சண்டைக்கு நிற்கிறீர்கள். நீங்கள் 18 வயதுக்குக் கீழே என்றால் இன்னொன்றும் இருக்கிறது: மலேசிய அரசியலமைப்பின் 12(4) பிரிவுப்படி உங்கள் சமயத்தைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோதான். வீட்டுக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்று எந்தச் சபையாவது சொன்னால் அந்தச் சபையைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். அடி உதை விழும் என்ற நிலைமை இருந்தால் தனியாகச் சொல்லப் போகாதீர்கள், உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரு பெரியவரை, சித்தியையோ தாத்தாவையோ, வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

திருநீறு, பிரசாதம் இதெல்லாம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் படித்துவிட்டு உங்கள் பாஸ்டரிடமோ ஃபாதரிடமோ கேளுங்கள், சபைக்குச் சபை பதில் கொஞ்சம் மாறும். ஆனால் எனக்குப் பிடித்த ஆள் 2 இராஜாக்கள் 5-இல் வரும் நாகமான். யோர்தானில் ஏழுமுறை முழுகிக் குணமான சீரியப் படைத்தலைவன். இனி வேறு தெய்வத்துக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று சொன்னவன் அதே மூச்சில், என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் போகும்போது நானும் குனியவேண்டி வருமே, என்ன செய்வது என்று எலிசாவிடம் நேராகக் கேட்டுவிட்டான். "சமாதானத்தோடே போ" என்றார் தீர்க்கதரிசி. எதையும் மறைக்காமல் கேட்டானே, அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கிறிஸ்தவ வீடாக இருந்தால் பிரச்சினை வேறு மாதிரி. பாஸ்டர் வீடு சந்திக்க வருகிறார் என்று தகவல் வந்ததும் டிவி பக்கத்திலிருந்த பீர் டின்கள் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போகும், தூசி படிந்த வேதாகமம் மேசைக்கு வரும், காரில் வரும் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த அப்பா "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்று கதவைத் திறப்பார். ஏழு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். டின்களை அங்கேயே விட்டுவிடுங்கள். குடிக்கலாமா கூடாதா என்பதை வைத்தே பாஸ்டரோடு ஒரு நல்ல பேச்சு நடக்கலாம்.

மூன்றாம் படி: காசு

மத்தேயு 23-இல் இயேசு பரிசேயரைக் கேட்பது ஞாபகம் இருக்கட்டும்: ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, எண்ணிக் கொடுக்கிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று. இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். நீங்கள் சின்னதாகக் கேட்டரிங் நடத்துகிறீர்கள், கூட மூன்று பேர். ஒருவருக்குக் கையில் கொடுப்பது மாதம் 2,500 வெள்ளி (ரிங்கிட்), இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்குக் காட்டுவது 1,700. மீதி 800 ரொக்கம். மாதச் சம்பளம் 5,000 வெள்ளி வரை முதலாளியின் பங்கு 13 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 11. அப்படியானால் மாதாமாதம் உங்கள் பங்கில் 104 வெள்ளியளவு அவர் கணக்குக்குப் போகாமல் நிற்கிறது. அவருடைய 11 விழுக்காட்டையும் சேர்த்தால் அவருடைய முதுமைக்காலச் சேமிப்பில் கிட்டத்தட்ட 190 வெள்ளி குறைகிறது. "அவரே ரொக்கமா கேட்டாரு" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த 104 வெள்ளி உங்கள் காணிக்கை உறைக்குள் போகிறது என்றால் அது யாருடைய காசு? யாக்கோபு 5:4, பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்கிறது. முதலில் இபிஎஃப்பையும், சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியையும் சரிசெய்யுங்கள். அந்த மாதம் தசமபாகம் குறைந்தால் குறையட்டும்.

வேலை செய்கிறவர்களுக்கும் இருக்கிறது. திங்கட்கிழமை எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. சபை முகாம் சனி ஞாயிறு போர்ட் டிக்சனில், களைப்பு, கிளினிக்கில் போய் வயிற்றுவலி என்று சொல்லி ஒரு சீட்டு. ஆண்டு விடுப்பு எடுங்கள், இல்லையென்றால் முகாமிலிருந்து ஞாயிறு மத்தியானமே கிளம்புங்கள்.

வருமான வரி. தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு பிஇ பாரம், ஏப்ரல் 30 கெடு. சபைக்குக் கொடுத்த காணிக்கையைக் கழிவில் போடுவதற்கு முன் அந்தச் சபைக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) அங்கீகாரம் இருக்கிறதா என்று பொருளாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் போடமுடியாது. ரசீதுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும், இல்லாத ரசீதை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள்.

கோப்பி காசு, அதாவது லஞ்சம், பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஃபெடரல் ஹைவேயில் பைக்கில் வந்த போலீஸ் ஓரம் கட்டுகிறார், லைசென்ஸை வாங்கிப் பார்த்துக்கொண்டே "மச்சாம் மானா நி?" (இப்ப என்ன பண்றது?) என்கிறார். அதற்குப் பிறகு வரும் மௌனம் எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். கண்ணாடியில் சிலுவை தொங்குகிறது. அப்போது சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை வீட்டிலேயே பழகி வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தால் கை தானாகப் பர்சுக்குப் போய்விடும்: "தாக் அப்பா துவான், பாகி சமன் சஜா" (பரவாயில்லை சார், அபராதச் சீட்டே குடுங்க). மரியாதையாக, சிரித்த முகத்தோடு, நான் யோக்கியன் என்ற தோரணை இல்லாமல் சொல்லுங்கள். சமனை மைபாயார் இணையச் சேவையில் கட்டிவிடலாம். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குகிறவரைப் போலவே கொடுக்கிறவரும் குற்றவாளிதான், 20 ஆண்டுவரை சிறை போகலாம். எல்லாரும் செய்வதுதானே என்பது அங்கே எடுபடாது.

கூட்டு பிடிப்பதை, அதாவது ஆளாளுக்குக் காசு போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டை, பற்றிச் சொன்னால் சில அக்காமார்களுக்குக் கோபம் வரும். சபை மாதர் சங்கத்துக்குள்ளேயே நடக்கிறது, தெரியும். 1971-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது அது. புதியவர்கள் சேராதீர்கள். ஒருவர் காசோடு மறைந்துவிட்டால் பிறகு அந்தச் சபையில் பத்துப் பேர் பத்துப் பேரோடு பேசமாட்டார்கள்.

நான்காம் படி: ஒருவரிடமாவது முழுசாகச் சொல்லுங்கள்

இதுவரை சொன்னதையெல்லாம் தனியாகச் செய்யப் போனால் புது வகை வேஷம் ஒன்று வந்துவிடும், "நான் ரொம்ப நேர்மையானவன்" என்ற வேஷம். அதனால் யாக்கோபு 5:16 சொல்வதுபோல ஒருவருக்கொருவர் அறிக்கையிடும் இடம் வேண்டும். கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, நேரத்தைப் பங்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சொன்னதை குருவானவர் யாரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மற்றச் சபைகளில் நீங்களே ஆளைத் தேடவேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், உங்களைவிடச் சில வருஷம் முன்னே நடப்பவர். தேர்ந்தெடுக்க ஒரு சோதனை சொல்கிறேன்: அவர் உங்களிடம் இதுவரை எத்தனை பேருடைய கதையை "ஜெபக் குறிப்பு" என்று சொல்லியிருக்கிறார்? ஒன்றுக்கு மேல் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

செல் குரூப் (சபையின் சிறு குழு) வாட்சாப்பில் கொட்டாதீர்கள், மேடையிலும் வேண்டாம். நேர்மை என்றால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கும்போது பொய் சொல்லாமல் "அதப்பத்தி இப்ப பேச விரும்பல" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஒரு விஷயம் மட்டும் விதிவிலக்கு. ஒரு பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால், செய்தவர் சபை மூப்பராகவே இருந்தாலும், "குடும்பத்துக்குள்ள, சபைக்குள்ள முடிச்சிக்கலாம், மன்னிச்சிருவோம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். காவல்நிலையத்தில் புகார், அல்லது தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி 15999. மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஐந்தாம் படி: பழையதைச் சரிசெய்வது

லூக்கா 19-இல் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். நீங்கள் ஒருமடங்காவது தாருங்கள். பட்டியல் பெரிதாக இருக்கும், ஒன்றில் தொடங்குங்கள். மன்னிப்பு கேட்கும்போது "உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க" என்று எழுதாதீர்கள், அதில் குற்றம் அவர் மனதின் மேல் போய்விடுகிறது. இப்படி எழுதலாம்: "அண்ணே, 2019-ல உங்ககிட்ட வாங்குன 600 வெள்ளிய குடுத்திட்டேன்னு அண்ணிகிட்ட சொன்னேன். குடுக்கல. அது பொய். இந்த மாசம் 200, அடுத்த ரெண்டு மாசமும் 200 போடுறேன். பேங்க் நம்பர் அனுப்புங்க." கர்த்தர் என்னைத் தொட்டார் என்று கீழே சேர்க்கவேண்டாம். மூன்று மாதமும் காசு போய்ச் சேரட்டும், அண்ணனே கேட்பார் என்ன ஆச்சு உனக்கு என்று.

ஆறாம் படி: அடுத்தவர் வேஷத்தைப் பார்க்கும்போது

பார்ப்பீர்கள். சீக்கிரமே பார்ப்பீர்கள், புதியவர்களின் கண் கூர்மையானது. பாடகர் குழுவில் கண்ணீர் விட்டுப் பாடுபவர் வாடகை பாக்கி வைத்துவிட்டு வீட்டுக்காரரின் போனை எடுக்காமல் இருப்பார். அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், செய்வதைச் செய்யாதீர்கள் என்று மத்தேயு 23:3 சொல்கிறது. உங்களையே பாதித்த விஷயமென்றால் மத்தேயு 18:15 இருக்கிறது: முதலில் தனியாகப் போய் அவரிடம், கேட்காவிட்டால் ஓரிருவரோடு, அதற்கும் பிறகுதான் சபை. நம் வழக்கம் இதைத் தலைகீழாகச் செய்வது. சாப்பாட்டு மேசையில் பத்துப் பேருக்குத் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும்.

சபைப் பணம் என்றால் மட்டும் தயங்காதீர்கள். சங்கங்களின் பதிவிலாகாவில் பதிவான சபையாக இருந்தால் ஆண்டுக் கூட்டம் நடத்தி, கணக்கை உறுப்பினர்கள் முன் வைத்து, கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்பவேண்டும், இது 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். உறுப்பினர் ஆனதும் கூட்டத்துக்குப் போங்கள், கணக்கறிக்கையைக் கையில் வாங்கிப் படியுங்கள், புரியாத வரியைப் பற்றிக் கேளுங்கள். "கட்டட நிதி 18,000 வெள்ளின்னு போன வருஷம் இருந்துச்சு, இந்த வருஷம் அந்த வரியக் காணோமே, எங்க சேர்த்திருக்கீங்க?" என்று, சாதாரணக் குரலில். பெரும்பாலும் பொருளாளர் இன்னொரு பக்கத்தைக் காட்டுவார், விஷயம் முடிந்தது. கேள்வி கேட்பதே விசுவாசக் குறைவு என்று யாராவது எழுந்து சொன்னால், அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த நாள் அதே கேள்வியை எழுத்தில் செயலாளருக்கு அனுப்புங்கள்.